சொல்லிவிட்டு எடுத்த தண்ணீர்

தண்ணீர் எடுக்கப் போகும் ஒவ்வொரு தடவையும் ஜெயப்பிரியா முந்தின நாளே மாமாவுக்குப் போன் செய்துவிடுவாள்.

"மாமா, நாளைக்குக் காலையில வாரனுங்க."

"வா சாமி, வா. நம்ம எடத்துக்கு வாரதுக்கு என்ன கேள்வி? டிபன் இங்கயே சாப்பிட்டுக்கலாம்."

போனில் பேசுவதென்றாலே அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கல்லூரியில் யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நின்று, பாதி வாக்கியத்தை விழுங்கிவிட்டுத்தான் பதில் சொல்வாள். இந்த ஒரு போனை மட்டும் அவள் தவறவிட்டதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் வாசலில் போய் நிற்பது அவர்கள் வீட்டில் வழக்கமில்லை. "நாம போற நேரத்துக்கு அவங்க ஊடு கூட்டாமக் கெடந்தா, அவங்களுக்கல்ல சங்கட்டம்?" என்று அம்மா சௌந்திரம் சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்திருந்தாள்.

மாமா ஜெகதீஸ்வரன், அம்மாவின் பெரியப்பா மகன். குமாரபாளையத்தில் ஆற்றை ஒட்டிச் சாயப்பட்டறை வைத்திருந்தார். துண்டும் லுங்கியும் நெய்கிற தறிக்காரர்களுக்கு நூலுக்குச் சாயம் ஏற்றிக் கொடுக்கிற தொழில். முன்னால் வீடு, பின்னால் பட்டறை, அதற்கும் பின்னால் சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற தொட்டிகள். தொட்டியிலிருந்து ஒரு கல்வாய்க்கால் நேராகக் காவிரிக்குள் இறங்கும்.

அந்த வாய்க்கால் தண்ணீர்தான் ஜெயப்பிரியாவுக்கு வேண்டியது. சேலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் முதுகலை முடித்துவிட்டு, அங்கேயே பேராசிரியர் அன்பரசுவின் ஆய்வில் உதவியாளராகச் சேர்ந்திருந்தாள். பட்டறைகளிலிருந்து வெளியேறும் தண்ணீர் மீன் முட்டைக்குள் வளரும் கருவை என்ன செய்கிறது என்பதுதான் ஆய்வு. அன்பரசு எத்தனையோ பட்டறைகளுக்குக் கடிதம் எழுதிப் பார்த்தார். ஒரு கேட்டும் திறக்கவில்லை. "நம்ம மாமாவோட பட்டறை ஒண்ணு இருக்குதுங்க சார்" என்று ஜெயப்பிரியா அன்றைக்கு வாயைத் திறந்தாள். அவளாக வாயைத் திறந்து அந்தத் துறையில் பேசியது அதுதான் முதல் தடவை. அன்பரசு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "இவ்வளவு நாளா ஏம்மா சொல்லல?"

மாமா எதையும் மறைக்கவில்லை. கேட்டில் அவளுக்காக ஆள் நிற்கும். அத்தை சுடச்சுட இட்லி வைப்பாள். பட்டறையில் வேலை செய்யும் ராமாத்தாள், பாட்டில் பெட்டியை அவள் கையிலிருந்து பிடுங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடப்பாள். வாய்க்காலில் தண்ணீர் தெளிவாக ஓடும். அடியில் கிடக்கும் கல்லை எண்ணலாம்.

"பாத்துக்க சாமி. கண்டவன் கண்டதையும் பேசறான், சாயப்பட்டறைக்காரன் ஆத்தைக் கெடுக்கறான்னு. நீ படிச்ச புள்ள. நீயே பாத்து எழுது" என்பார் மாமா.

அவள் பார்த்துத்தான் எழுதினாள்.

ஆய்வுக்கூடத்தில் ஜீப்ரா மீன்கள் விடிந்ததும் முட்டையிடும். கடுகளவு முட்டை. கண்ணாடி மாதிரி உள்ளே எல்லாம் தெரியும். சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில், ஒரு குழிக்கு ஒன்றாக எடுத்துவிட்டு, சில குழிகளில் நல்ல தண்ணீரும் சில குழிகளில் வாய்க்கால் தண்ணீரும் ஊற்றி வைப்பாள். மறுநாள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் உள்ளே ஒரு வால் பிரிந்து துடித்துக்கொண்டிருக்கும். ஒரு புள்ளி அடித்துக்கொள்ளும். அதுதான் இதயம். இன்னொரு நாள் போனால் கண்ணில் கறுப்பு ஏறும், ரத்தம் ஓடுவது தெரியும். அப்புறம் முட்டையைக் கிழித்துக்கொண்டு ஊசி முனை போல ஒரு குஞ்சு வெளியே வந்து, நேராக நீந்தும்.

மனிதர்களிடம் பேசத் தெரியாதவளுக்கு அந்தக் குழித்தட்டு ஒரு பெரிய ஆறுதல். அங்கே யாரும் அவளைக் கேள்வி கேட்பதில்லை. பார்த்ததை எழுதினால் போதும்.

நல்ல தண்ணீரில் இருந்த குஞ்சும் வாய்க்கால் தண்ணீரில் இருந்த குஞ்சும் ஒன்று போலவே நீந்தின. தடவைக்குத் தடவை அப்படித்தான். அன்பரசுவுக்கே கொஞ்சம் ஏமாற்றம். "உங்க மாமா சுத்திகரிப்பு நல்லாத்தான் பண்றாரு போல. அதுவும் ஒரு முடிவுதானே" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் கண்ணாத்தாள் மனு கொடுத்தாள்.

குமாரபாளையத்துக்குக் கீழே, பள்ளிபாளையம் போகும் பக்கத்தில், ஆற்றங்கரையில் கண்ணாத்தாளுக்கு மீன்குஞ்சுக் குளங்கள் இருந்தன. ஆற்றுத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்து, கெண்டையை முட்டையிட வைத்து, குஞ்சு வளர்த்து, ஏரி குத்தகைக்காரர்களுக்கு விற்பாள். மேலே உள்ள பட்டறைத் தண்ணீரால் முட்டை பொரிப்பதில்லை, பொரித்தாலும் குஞ்சு தேறுவதில்லை என்பது மனு. வாய்க்கால் தண்ணீரை யாரோ கல்லூரியில் சோதிக்கிறார்களாமே, அந்த அறிக்கை வரட்டும், பிறகு விசாரிக்கலாம் என்று மாவட்டத்து அதிகாரி சொல்லிவிட்டார். அறிக்கை அனுப்புவதற்கு முன்னால் குளத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வரும்படி அன்பரசு அவளை அனுப்பினார்.

அதற்கும் அவள் முந்தின நாள் போன் செய்துவிட்டுத்தான் போனாள்.

கண்ணாத்தாள் முழங்கால் அளவு சேற்றில் நின்றபடியே கத்தினாள். "நீதானா அந்த மீன் டாக்டரு? என்ன அம்மிணி, காத்தடிச்சாப் பறந்து போயிருவ போல இருக்குது! இந்த ஒடம்பை வெச்சுக்கிட்டு நீ யாரை மெரட்டப்போற? மொதல்ல வா, தண்ணி குடி. வெயில்ல வந்திருக்கற."

மண்பானைத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு கொடுத்தாள். ஜெயப்பிரியா குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குளத்துக்குக் கூட்டிப்போனாள்.

தண்ணீருக்குள் கட்டியிருந்த வலைத்தொட்டிலில் வேலம்பாசியைப் போட்டிருந்தாள். கெண்டை முட்டை பாசியில்தான் ஒட்டும். ஒரு கொத்துப் பாசியைத் தூக்கிக் காட்டினாள். பாதிக்கு மேல் முட்டைகள் வெந்த ஜவ்வரிசி மாதிரி வெளுத்திருந்தன.

"இது கூடப் பரவால்ல. செத்தது செத்துப்போச்சு. இதைப் பாரு."

கண்ணாடி டம்ளரில் தண்ணீர். அதற்குள் அன்றைக்குப் பொரித்த குஞ்சுகள் சில. ஜெயப்பிரியா டம்ளரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். நேராக இருக்க வேண்டிய முதுகு அரிவாள் மாதிரி வளைந்திருந்தது. முன்னால் நீந்த முடியாமல் ஒரே இடத்தில் சுற்றின. நெஞ்சுப் பக்கம் நீர் கோத்து உப்பியிருந்தது.

"கூனுக் குஞ்சு. இதை எவன் வாங்குவான்? போன தடவை வாங்கிட்டுப் போன ஏரிக்காரன் என்ன கேட்டாந் தெரியுமா? 'ஏனக்கா, மீனு கேட்டா கொக்கி குடுக்கறயே'ங்கறான்."

நஞ்சு கலந்த நீரில் வளைந்துபோன குஞ்சுகள் என்று புத்தகத்தில் பார்த்த படம் ஜெயப்பிரியாவின் நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் அவள் கையால் எடுத்த தண்ணீரில் ஒரு குஞ்சுகூட வளையவில்லை. கண்ணால் பார்த்து எழுதிய முடிவை ஒரு டம்ளரைப் பார்த்து எப்படி மாற்றுவது?

"பூஞ்சை புடிச்சா முட்டை இந்த மாதிரி வெளுக்குமுங்க. தண்ணி ரொம்பச் சூடானாலும் முதுகு வளையுமுங்க" என்றாள் தரையைப் பார்த்தபடி. "கல்லுப்பு கொஞ்சம் போட்டுப் பாருங்க. நான் ஒரு மருந்து பேரும் எழுதித் தாரேன்."

"அப்ப சாயத்தண்ணி இல்லைங்கறயா?"

"எங்க சோதனையில அப்படி வல்லைங்க."

கண்ணாத்தாள் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டாள். "செரி. படிச்ச புள்ள நீ பொய் சொல்லுவயா? உப்பே போட்டுப் பாக்கறேன்" என்றாள்.

அறிக்கை போய்ச் சேர்ந்தது. பட்டறை வாய்க்கால் தண்ணீரில் மீன் கருக்களின் வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. கீழே அன்பரசுவின் கையெழுத்து. அதற்குக் கீழே ஜெயப்பிரியாவின் கையெழுத்து.

*

ஆடிப் பதினெட்டு வந்தது. அணையைத் திறந்துவிட்டதில் ஆறு இரண்டு கரையும் தொட்டு ஓடியது. சௌந்திரம் கச்சாயம் சுட்டு, அரிசி மாவும் வெல்லமும் எண்ணெயும் மணக்க மணக்கத் தூக்குப்போசியில் அடுக்கி மூடினாள்.

"மாமா ஊட்ல குடுத்துட்டு வா. ஆறிப்போச்சுன்னா அத்தை குத்தம் சொல்லுவா."

பண்டிகை நாளில் யாரும் போன் செய்துவிட்டுப் போவதில்லை. அன்றைக்கு எல்லார் வீட்டுக் கதவும் உற்றார் ஒறம்பரைக்காகத் திறந்துதான் கிடக்கும். ஜெயப்பிரியா போசியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள்.

மாமா வீட்டில் யாரும் இல்லை. பாலத்தைத் தாண்டி பவானிக் கூடுதுறைக்குப் போயிருப்பார்கள் என்று தோன்றியது. பின்பக்கம் ஆள் சத்தம் கேட்கவே பட்டறையைச் சுற்றிக்கொண்டு போனாள்.

வாய்க்கால் முட்ட முட்ட ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பா நீலமா என்று சொல்ல முடியாத நிறம். மேலே அழுக்குச் சிவப்பில் நுரை. சூட்டில் ஆவி பறந்தது. சலவைப் பொடியும் அழுகிய முட்டையும் கலந்தது போல ஒரு நாற்றம் மூக்கை அடைத்தது. ராமாத்தாள் சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டு, தொட்டியின் அடியில் படிந்த சேற்றை நீளக் கழியால் வாய்க்காலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அட, பாப்பாவா! ஏனுங்க பாப்பா, வாரதா போனே வல்லியே?"

"கச்சாயம் குடுத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க."

"அதான பாத்தேன். தண்ணியெடுக்க வாரதுன்னா மொதலாளி முந்தின நாளே சொல்லிப்போடுவாருங்களே. சாயத்தொட்டி வால்வை அடச்சுப்போட்டு, வாய்க்காலைத் தேச்சுக் கழுவி, போர்த் தண்ணியத் தொறந்து உடறதுக்குள்ள எங்களுக்கு இடுப்பு ஒடிஞ்சு போயிரும். நீங்க வாரீங்கன்னா, பொண்ணு பாக்க வாராப்பல வாய்க்காலு மினுமினுங்குமுங்க!"

ராமாத்தாள் சிரித்தாள். அவளிடம் கள்ளம் எதுவும் இல்லை. ஆய்வுக்கு வருகிறவளுக்கு அது தெரிந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள்.

"மத்த நாள்ல இப்படித்தான் ஓடுமுங்களா?"

"இத்தனை இருக்காதுங்க. அன்னன்னைக்கு உள்ளதைக் கொஞ்சங் கொஞ்சமா உடுவோம். இன்னிக்கு ஆத்துல புதுத்தண்ணி பாருங்க, எத்தனை உட்டாலும் அடிச்சுட்டுப் போயிரும், கலரே தெரியாது. வருசா வருசம் தண்ணி தொறக்கறப்பத்தான் தொட்டிய அடியோட கழுவறது. இங்க மட்டுமா, இந்த வரிசை பூராவும்தான்."

புதுத்தண்ணீர் வரும்போதுதான் ஆற்று மீன் முட்டையிட மேலேறி வரும். ஜெயப்பிரியா அதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். கண்ணாத்தாளும் இந்த நாட்களில்தான் ஆடிப் பருவத்துக் கெண்டையைக் குளத்தில் விட்டு, பாசியைப் போட்டு, மோட்டாரை ஓட விட்டிருப்பாள்.

கையில் பாட்டில் எதுவும் இல்லை. போசி மட்டும்தான் இருந்தது. மூடியைத் திறந்து, "சேலையப் புடிங்க" என்று கச்சாயம் அத்தனையையும் ராமாத்தாளின் மடியில் கவிழ்த்தாள். பிறகு வாய்க்கால் ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து போசியை அமுக்கி மொண்டாள்.

"ஐயோ, நல்ல எவர்சில்வருங்க பாப்பா, கறை ஏறிக்கும்!"

மூடியை அழுத்தி மூடும்போது விரல் எரிந்தது.

வீட்டில் சௌந்திரம் போசியைக் கை நீட்டி வாங்கினாள். "அத்தை என்ன போட்டு உட்டா? வெறும் போசியா அனுப்ப மாட்டாளே. கனமாத்தான் இருக்குது." மூடியைத் திறந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "என்ன கருமம் இது?"

"மாமா ஊட்டுத் தண்ணிம்மா. பிரிட்ஜுல வெக்கோணும்."

"இட்லி மாவுக்குப் பக்கத்துலயா? உனக்கென்ன கிறுக்குப் புடிச்சிருச்சா?"

அந்த வீட்டில் அவள் முதன்முதலாக அம்மாவை எதிர்த்து நின்றது ஒரு போசிக்காகத்தான். மாவுச்சட்டி வெளியே வந்தது. போசி உள்ளே போனது. மறுநாள் காலை சங்ககிரி வழியாகச் சேலம் போகும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனாள். பக்கத்தில் இருந்த பெண், "என்ன கொழம்புங்க அம்மிணி?" என்று கேட்டாள்.

*

போசியில் வெல்லமும் எண்ணெயும் ஒட்டியிருந்தது அவளுக்குத் தெரியும். அதனால் ஒன்று செய்தாள். அம்மாவிடம் இன்னொரு போசியில் கச்சாயம் வாங்கி வந்து, கச்சாயத்தை எடுத்துவிட்டு, அந்தப் போசியில் நல்ல தண்ணீரை ஊற்றி, அதையும் சில குழிகளில் வைத்தாள். கச்சாயத் தண்ணீரில் குஞ்சுகள் நேராகப் பொரித்து நேராக நீந்தின.

வாய்க்கால் தண்ணீரை அப்படியே ஊற்றிய குழிகளில் மறுநாளே எல்லாம் வெள்ளை. வால் பிரியவில்லை, புள்ளி துடிக்கவில்லை. பத்து மடங்கு நீர் சேர்த்த குழிகளில் இதயம் அடித்தது, ஆனால் மெதுவாக, நீர் கோத்த ஒரு பைக்குள் மாட்டிக்கொண்டு. இன்னும் நீர் சேர்த்த குழிகளில் சில பொரித்தே விட்டன. முதுகு அரிவாள் மாதிரி வளைந்து, ஒரே இடத்தில் சுற்றின.

ஜெயப்பிரியா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். மறுபடி வைத்தாள். கண்ணாத்தாள் கொடுத்த டம்ளருக்குள் இருந்த அதே குஞ்சு. அதற்கு உப்புப் போடச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

அன்பரசு தட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மாதிரியை எதுல எடுத்தே?"

"போசியிலங்க சார். கச்சாயம் கொண்டு போனது. ஆனா ஒப்பிட்டுப் பாக்க அதுக்கு கன்ட்ரோல் வெச்சிருக்கேங்க. அதே எண்ணெய், அதே..."

"பார்த்தேன்மா. நல்லா வெச்சிருக்கே. நான் நம்புறேன்." நாற்காலியில் சாய்ந்தார். "ஆனா நான் நம்புறது வேற, விசாரணையில ஏத்துக்குறது வேற. பலகாரப் பாத்திரத்துல, யாருக்கும் தெரியாம, பண்டிகை அன்னைக்கு எடுத்த தண்ணின்னா சிரிப்பாங்க. பட்டறைக்குக் கடிதம் குடு. தேதி வாங்கு. அவங்க ஆள் முன்னால, நம்ம பாட்டில்ல எடு. அப்ப யாரும் எதுவும் பேச முடியாது."

"தேதி சொன்னா வாய்க்காலைக் கழுவிருவாங்க சார்."

"சொல்லாம எடுத்தா அத்துமீறல்."

"பழைய அறிக்கையைத் திருப்பி வாங்கிக்கலாமுங்களா?"

அவர் குழித்தட்டை மூடி வைத்தார். "நம்ம ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கு. இப்பப் போய்த் தப்புன்னா, இத்தனை நாள் என்ன பண்ணீங்கன்னு கேப்பாங்க. துறையையே மூடச் சொல்லுவாங்க. விசாரணையில உன்னைக் கேட்டா, அறிக்கையில இருக்கறதை மட்டும் சொல்லு. போதும்."

*

விசாரணை ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. பந்தி மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் பட்டறைக்காரர்களும் அவர்களுடைய ஆட்களும். மறுபக்கம் கண்ணாத்தாளும், அவளோடு வந்த இரண்டு மூன்று மீன்காரர்களும். பட்டறை ஆட்களோடு ராமாத்தாளையும் கூட்டி வந்திருந்தார்கள். பின்வரிசையில் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாமா எழுந்து வந்து ஜெயப்பிரியாவுக்கு மின்விசிறிக்குக் கீழே நாற்காலியைத் திருப்பிப் போட்டார். "இங்க உக்காரு சாமி. வேர்க்குது பாரு."

கண்ணாத்தாள் முதலில் பேசினாள். ஆடிப் பருவத்து முட்டை மொத்தமும் போய்விட்டது என்றாள். "ஒரே நாள்லங்க சாமி. காலைல கண்ணு மாதிரி இருந்துது. பொழுதுக்குள்ள வெந்துபோச்சு. உப்புப் போடச் சொன்னாங்க, போட்டேன். மருந்து சொன்னாங்க, வாங்கி ஊத்துனேன். இனி அந்தக் கொளத்துல நான் விழுந்து செத்தாத்தான் மிச்சம்."

அதிகாரி அறிக்கையைப் புரட்டினார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. அசதியாக இருந்தார். "இதைத் தயாரிச்சவங்க வந்திருக்காங்களா?"

அன்பரசு எழுந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு, ஜெயப்பிரியாவைக் கை காட்டினார். தண்ணீர் எடுத்தது அவள்தான்.

அவள் எழுந்தாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் ஒன்றும் இப்போது நாக்குக்கு வரவில்லை. மிஞ்சியது ஒன்றுதான். எதனால் எல்லாம் தப்பாகிப்போனதோ அது.

"சார், நான் ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டுத்தானுங்க போனேன்."

"யாருக்கு?"

"பட்டறைக்காரங்களுக்குங்க. முந்தின நாளே போன் பண்ணீட்டு."

"ஒரு தடவைகூடச் சொல்லாமப் போனதில்லையா?"

"இல்லைங்க. அதனாலதானுங்க..."

அதிகாரியின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகத் திருப்தி தெரிந்தது. பக்கத்தில் கணினியோடு இருந்தவரிடம் திரும்பினார். "எழுதுங்க. மாதிரிகள் யாவும் உரிமையாளருக்கு உரிய முன்னறிவிப்பு அளித்து, அவருடைய முழு ஒத்துழைப்புடன், முறைப்படி சேகரிக்கப்பட்டன."

"அப்படியில்லைங்க சார்!" குரல் உடைந்து பெரிதாக வந்தது. கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "சொன்னதாலதான் தண்ணி நல்லா இருந்துச்சுங்க. சொல்லாமப் போன அன்னைக்கு ஒரு தண்ணி எடுத்தேன். அதுல எல்லாம் செத்துப்போச்சு. மிச்சமும் கூனாயிருச்சு."

"அந்த மாதிரி எடுக்க அனுமதி வாங்கினீங்களா?"

"இல்லைங்க."

"எதுல எடுத்தீங்க?"

"போசியிலங்க."

பட்டறைக்காரர்கள் பக்கம் யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு பலபேர். மாமா எழுந்து நின்றார். அவர் முகத்தில் கோபமே இல்லை.

"ஆடிக்குக் கச்சாயம் கொண்டாந்த போசிங்க ஐயா. என்ற தங்கச்சி மகதான். சின்னதுல இருந்தே அப்படித்தான், கட்டெறும்பு செத்தாக்கூட அழுவும். அன்னைக்கு எங்க ஊட்ல யாரும் இல்லைங்க, எந்த வாய்க்கால்ல மொண்டுச்சோ. கச்சாய எண்ணெயில விழுந்தா மீனு கூனாத்தான போகும்? எண்ணெய்ச் சட்டியில போட்டா எல்லாம் சுருளுதல்ல?"

சிரிப்பு கூடத்தை நிறைத்தது. சாப்பாட்டுக் கூடமாதலால் எதிரொலித்தது.

அதிகாரி கையமர்த்தினார். "நீங்க அங்கதான் எடுத்தீங்கங்கறதுக்கு யாராவது பார்த்தவங்க உண்டா?"

ஜெயப்பிரியா திரும்பிப் பார்த்தாள். பின்வரிசையில் ராமாத்தாள் குனிந்து தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகங்களில் ஊதாச் சாயம் ஏறியிருந்தது. பெயரைச் சொன்னால் அவளுக்கு அடுத்த நாள் வேலை இருக்காது. அப்புறம் அந்த ஆற்றங்கரையில் வேறு எந்தப் பட்டறையும் அவளைச் சேர்க்காது. அப்படியே கேட்டாலும் ராமாத்தாள் உண்டென்று சொல்வாள் என்பது நிச்சயமில்லை.

"யாரும் இல்லைங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அன்பரசு கையிலிருந்த அறிக்கை நகலின் ஓரத்தை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தார்.

மனு தள்ளுபடியானது. வெளியே வரும்போது மாமா அவள் தலையில் கை வைத்தார். "பரவால்ல சாமி. மனசுல ஒண்ணும் வெச்சுக்காத. நீ சொல்லிட்டு வந்தது எவ்வளவு நல்லதாப் போச்சு பாத்தியா? அதான் நம்ம ஊட்டுப் புள்ளைங்கறது."

கண்ணாத்தாள் இருவரையும் கடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

*

சௌந்திரம் அந்தப் போசியைப் புளி போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள். அடியில் ஒரு வளையம் போகவே இல்லை. "நாலு பேர் முன்னால மாமனை அசிங்கப்படுத்திட்டயே. இனி எந்த மொகத்தோட அந்த ஊட்டுக்குப் போறது?" என்று சொல்லிச் சொல்லித் தேய்த்தாள். பிறகு அதை மாட்டுக்குத் தவிடு அளக்க வைத்துக்கொண்டாள்.

மாசியில் ஒருநாள் ஜெயப்பிரியா பள்ளிபாளையம் பஸ்ஸில் ஏறினாள். பையில் குஞ்சுகளின் படங்கள் இருந்தன. அதே முதுகு, அதே உப்பிய நெஞ்சு. கண்ணாத்தாள் காட்டிய டம்ளரில் இருந்தது பூஞ்சையில்லை, சூடில்லை என்று அவளிடம் ஒருவராவது சொல்ல வேண்டும். அதற்குத்தான் போனாள். வேறு என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. போன் செய்யவில்லை.

குளங்களில் தண்ணீர் இல்லை. வண்டல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு குளத்தில் பாதிவரை யாரோ செம்மண் கொட்டி நிரப்பியிருந்தார்கள். அதன் மேல் லாரிச் சக்கரத் தடம். மோட்டார் இருந்த இடத்தில் நான்கு போல்ட்டுகள் மட்டும் நின்றன. கண்ணாத்தாள் வலைத்தொட்டில் கட்டியிருந்த மூங்கில் கழிகளை ஒவ்வொன்றாக அசைத்து அசைத்துப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

ஜெயப்பிரியா வரப்பில் நின்றாள். கண்ணாத்தாள் பார்த்தாள், ஆனால் கழியை விடவில்லை.

"அடடே, மீன் டாக்டரா? என்ன அம்மிணி இது, சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கற? ஒரு போன் பண்ணியிருந்தயின்னா, கொளத்துக்குத் தண்ணி உட்டு, நாலு நல்ல மீனா வாங்கி நீந்த உட்டு வெச்சிருப்பனே."

ஜெயப்பிரியா பையிலிருந்து படங்களை எடுத்து நீட்டினாள். "உங்க டம்ளர்ல இருந்தது சாயத்தண்ணியாலதானுங்க. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

கண்ணாத்தாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒரு படத்தை மட்டும் வாங்கிப் பார்த்தாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள். குஞ்சு வளைந்த வளைவில் அது எந்தப் பக்கம் பிடித்தாலும் ஒன்றுதான்.

"இதை எனக்குக் காட்ட வந்தயாக்கும்" என்றாள். "எனக்குத்தான் தெரியுமே."

படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கழிக்குப் போனாள். அது ஆழமாகப் புதைந்திருந்தது. ஜெயப்பிரியா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, மறுபக்கம் போய்ப் பிடித்தாள். கண்ணாத்தாள் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு பேருமாக அசைத்து அதைப் பிடுங்கினார்கள். பிறகு அடுத்ததை.

வெயில் ஏறிவிட்டது. ஜெயப்பிரியாவுக்கு நாக்கு வறண்டது. குடிசை வாசலில் அதே மண்பானை இருந்தது, அதன் மேல் அதே சொம்பு கவிழ்த்திருந்தது. கண்ணாத்தாள் கடைசிக் கழியைத் தோளில் தூக்கிக்கொண்டு பானையைத் தாண்டி உள்ளே போனாள். தண்ணி குடிக்கிறயா என்று கேட்கவில்லை.